மூன்றாவது ஆள் யார்? அமெரிக்க மிட்வெஸ்ட் சிற்றூர்களின் பழைய படங்கள்: உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

சோளக்காட்டு வீடு

பத்து வருஷம் தாண்டியும் மனசை விட்டுப் போகவில்லை, அதனால் எழுதுகிறேன். அயோவாவில் நாங்கள் இருக்கும் ஊரில் ஆயிரம் பேர்கூட இல்லை. நூலகத்தின் கீழ்த்தளத்தில் சனிக்கிழமைதோறும் பழைய படங்களை ஸ்கேன் செய்வோம். 2013-ல் ஒரு கதிரடிப்புப் படம் வந்தது. நீராவி எஞ்சின், வைக்கோல் போர், வரிசையாகப் பதினான்கு ஆண்கள், ஓரத்தில் தண்ணீர் ஜாடியோடு ஒரு பையன். பின்பக்கம் பேர் எதுவும் இல்லை.

முதியோர் இல்லத்தில் 94 வயதுத் தாத்தா ஒருவர் இருந்தார். படத்தை மடியில் வைத்ததும் விரல் நேராக அந்தப் பையன்மேல் போய் நின்றது. "நான்தான். ஒன்பது வயசு. 1928." அப்புறம் இடப்பக்கமிருந்து ஒவ்வொருவராகச் சொல்லிக்கொண்டு வந்தார். யார் வீட்டில் எத்தனை மாடு, யார் விரல் எந்திரத்தில் போனது, எல்லாம் சொன்னார். பதினான்கில் பதினொரு பேர் கிடைத்தது.

மிச்சம் மூன்றுக்காக அடுத்த வாரம் போனேன். முதலிலிருந்தே ஆரம்பித்தார். மூன்றாவது ஆளுக்கு மட்டும் வேறு பேர் சொன்னார், அதே உறுதியோடு. போன வாரம் வேறு சொன்னீர்களே என்று கேட்டிருக்கலாம். அவர் முகத்திலிருந்த சந்தோஷத்தைக் கலைக்க மனசு வரவில்லை. அந்தக் குளிர்காலத்திலேயே போய்விட்டார். நூலகக் கோப்பில் முதல் பேர்தான் இருக்கிறது. நான் போட்டது.

அஞ்சலட்டை

தாத்தா சொன்னார் என்பதற்காக 1928 என்று எழுதிவிடாதீர்கள். படம் போஸ்ட்கார்டு தாளிலா இருக்கிறது? 1903-ல் அஞ்சலட்டை அளவுப் படம் எடுக்கும் கோடாக்கின் 3ஏ கேமரா வந்ததிலிருந்து சின்ன ஊர்களில் எதை எடுத்தாலும் கார்டாகத்தான் போடுவார்கள். பின்பக்கம் தபால்தலை ஒட்டும் கட்டத்தைப் பாருங்கள். 'ஆசோ' (AZO, தாளின் பிராண்டுப் பேர்) என்று அச்சிட்டு, மூலைகளில் நான்கு முக்கோணமும் மேல்நோக்கி இருந்தால் 1904 முதல் 1918. இரண்டு மேலே, இரண்டு கீழே என்றால் 1918 முதல் 1930. மனித ஞாபகத்தைவிட இதை நம்பலாம்.

என்னுடையது சின்ன விஷயம். கன்சாஸில் ஒரு பழம்பொருள் கடையில் மெயின் ஸ்ட்ரீட் கார்டு ஒன்று வாங்கினேன். வங்கி, சலூன், குதிரை கட்டும் கம்பம். வீட்டில் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால், கடை ஜன்னல் கண்ணாடியில் கேமரா முக்காலியும் அதன் பின்னால் குனிந்த ஒரு உருவமும். படம் எடுத்தவரேதான். ஊரையே பதிந்து வைத்தவர், தன் பேரைக் கார்டில் எங்கும் போடவில்லை. இன்னமும் அவ்வப்போது எடுத்து அந்த ஜன்னலைப் பார்க்கிறேன்.

பழைய நெகட்டிவ்

பேர், தேதி இரண்டும் சரிதான். படமே கையில் நிற்காமல் போனதைப் பார்த்தவன் நான். விஸ்கான்சின், 2008 ஜூன் வெள்ளம். பூட்டிக் கிடந்த ஒரு ஸ்டூடியோவின் பாதாள அறையிலிருந்து கண்ணாடி நெகட்டிவ் பெட்டிகளைத் தூக்கி வந்தோம். மேலே இருந்ததில் ஒரு கல்யாணப் பெண். சேறு படிந்திருந்தது. துடைப்போம் என்று துணியை வைத்தேன். முகம் வழுக்கி என் விரலோடு வந்துவிட்டது. படம் பதிந்திருக்கும் ஜெலட்டின் பூச்சு ஈரத்தில் கூழாகிவிடும் என்று எனக்கு அப்போது தெரியாது. அடியில் வெறும் கண்ணாடி.

இதே மாநிலத்தில் பிளாக் ரிவர் ஃபால்ஸ் ஊரின் புகைப்படக்காரர் சார்லஸ் வான் ஷெய்க் எடுத்த கண்ணாடி நெகட்டிவ்கள் மாநில வரலாற்றுச் சங்கத்தில் ஆயிரக்கணக்கில் பத்திரமாக இருக்கின்றன. ஹோ-சங்க் பழங்குடிக் குடும்பங்கள் தங்கள் முன்னோர் முகத்தை அதில் பார்க்கிறார்கள். அந்தக் கல்யாணப் பெண்ணுக்கும் பேரப்பிள்ளைகள் இருந்திருப்பார்கள்.

பென்சில்

ஒஹாயோவில் ஒரு ஏலத்தில் இரண்டு டாலருக்கு ஒரு குடும்ப ஆல்பம் வாங்கினேன், உள்ளே யாரென்று தெரியாத நாற்பது குழந்தைகள். அவ்வளவுதான் என் கதை. ஆனால் மேலே எழுதியவர்களுக்குச் சொல்ல நிறைய இருக்கிறது.

நனைந்த கண்ணாடியைத் துடைக்கவே கூடாது. மங்கலான பக்கம்தான் படம், அதைத் தொடாமல் ஓரத்தைப் பிடித்துச் செங்குத்தாக நிறுத்திக் காற்றில் உலரவிடுங்கள். உலர்ந்தபின் அமிலமில்லாத தாள் உறையில், படுக்கவைக்காமல் நிறுத்தியே வையுங்கள். ஃபிலிமாக இருந்தால் முகர்ந்து பாருங்கள். வினிகர் வாடை என்றால் அழியத் தொடங்கிய அசிடேட் ஃபிலிம், மற்றவற்றிலிருந்து உடனே பிரித்து வையுங்கள். 1951-க்கு முந்தியது நைட்ரேட்டாக இருக்கலாம், அது பற்றினால் அணையாது, வீட்டில் வேண்டாம். 1970-களின் ஒட்டும் ஆல்பத்தில் படம் சிக்கியிருந்தால் இழுக்காதீர்கள், பல் இடுக்கில் விடும் நூலை அடியில் விட்டு மெல்ல அறுங்கள். ஸ்கேன் குறைந்தது 600 டிபிஐ (அங்குலத்துக்கு 600 புள்ளி), தரம் குறையாத டிஃப் (TIFF) கோப்பு, பின்பக்கத்தையும் சேர்த்து. பேனா வேண்டாம், மென்மையான பென்சில். வடக்கு அயோவா பல்கலைக்கழகம் 2015-ல் தொடங்கிய 'ஃபோர்டெபான் அயோவா' இணையக் காப்பகத்தைப் பாருங்கள், சாதாரண வீட்டுப் படங்களை வருஷவாரியாக அடுக்கி யாரும் இறக்கிக்கொள்ளும்படி வைத்திருக்கிறார்கள். சோளக்காட்டு அக்கா, இரண்டு பேரையும் எழுதுங்கள். யார் சொன்னது, எந்தத் தேதியில் சொன்னது என்பதோடு.

ஆற்றங்கரை

நான் இருப்பது செயின்ட் லூயிஸ். ஆற்றுக்கு அந்தப் பக்கம் இல்லினாய்ஸில் வால்மேயர் என்று ஒரு ஊர். 1993 மிசிசிப்பி வெள்ளத்துக்குப் பிறகு, சுமார் 900 பேர் இருந்த அந்த ஊரையே மேலே குன்றின்மேல் மாற்றிக் கட்டினார்கள். கீழே பழைய இடத்துக்கு ஒருநாள் போயிருந்தேன். புல்வெளியில் ஒரு வயதான அம்மா ஒரு படத்தைக் கண்ணுக்கு நேராக நீட்டிப் பிடித்தபடி இரண்டு அடி இடப்பக்கம், ஒரு அடி பின்னால் என்று நகர்ந்துகொண்டிருந்தார். படத்தில் ஒரு வீட்டு வாசல், பின்னணியில் சுண்ணாம்புக்கல் குன்று. குன்றின் விளிம்பு மட்டும் மாறவில்லை, அதை வைத்து இடம் பிடிக்கிறார். ஒரு இடத்தில் நின்றார். "இங்கேதான் அடுக்களை" என்றார். எனக்கு அங்கே புல்தான் தெரிந்தது. ஆனாலும் அந்த இடத்தை மிதிக்காமல் சுற்றித்தான் நடந்தேன்.

சோளக்காட்டு வீடு

எல்லோருக்கும் நன்றி. கட்டத்தைப் பார்த்தேன், ஆசோ, இரண்டு மேலே இரண்டு கீழே. அப்படியானால் 1928 சரியாக இருக்கலாம். நேற்று ஊர்க் கல்லறைத் தோட்டத்துக்கும் போனேன். முதலில் சொன்ன பேருக்குக் கல் இருக்கிறது, இறந்த வருஷம் 1921. நான் கோப்பில் போட்டிருப்பது அந்தப் பேர். இரண்டாவது பேருக்கு எங்கள் ஊரில் கல் இல்லை. இரண்டையும் பென்சிலில் எழுதிவிட்டேன். சனிக்கிழமை பக்கத்து ஊர்க் கல்லறைக்குப் போகிறேன்.