லோக்கோவில் டிஸ்பர்ஷனுக்கு எவ்வளவு எடை கொடுப்பது?

முடுக்கி இயற்பியல் தெரிந்த அண்ணன்மார், அக்காமார் உதவ வேண்டும். வேலூரில் ஆய்வு மாணவன் நான். இந்தூரின் இண்டஸ்-2 போன்ற எலெக்ட்ரான் சேமிப்பு வளையத்தின் கணினி மாதிரியில், கற்றை நிலை காட்டிகளை (எலெக்ட்ரான் கற்றை எந்த இடத்தில் ஓடுகிறது என்று காட்டும் கருவிகள்) லோக்கோ மென்பொருளால் அளவு திருத்திப் பழகுகிறேன். திருத்துக் காந்தங்களால் கற்றையைத் தள்ளி, பாதை நகர்வதை அளந்து, அதோடு மாதிரியைப் பொருத்துவதுதான் லோக்கோவின் வேலை.

பொருத்தம் அழகாகவே முடிகிறது. ஆனால் எல்லாக் காட்டிகளின் பெருக்கமும் (அளவீட்டைப் பெருக்கும் எண்) சேர்ந்தாற்போல் 1.06 பக்கம் ஏறி நிற்கிறது. திருத்துக் காந்தங்கள் கற்றைக்குத் தரும் உதைப்பு அதே விகிதத்தில் இறங்குகிறது. இரண்டையும் பெருக்கினால் பழைய எண்தான், மென்பொருளுக்கு என்ன கவலை! ஆர்.எஃப். (கற்றைக்கு ஆற்றல் ஊட்டும் ரேடியோ அலை) அதிர்வெண்ணை மாற்றி அளந்த டிஸ்பர்ஷனையும் (ஆற்றல் மாறும்போது கற்றைப் பாதை நகரும் அளவு) அளவீட்டு அட்டவணையில் கூடுதல் நிரலாகச் சேர்த்தால் இந்த இழுபறி தீரும் என்பது தெரியும். அதற்கு எடை குறைத்தால் பயனில்லை, கூட்டினால் கற்றையைக் குவிக்கும் குவாட்ரபோல் காந்தங்களின் வலிமைகள் தாறுமாறாகின்றன. அனுபவத்தில் எதை வைத்து முடிவு செய்கிறீர்கள்?

காட்பாடி வெயிலில் பகலெல்லாம் மடிக்கணினி கொதிக்கிறது, இரவில்தான் ஓட்டுகிறேன். பதில் போடத் தாமதமானால் பொறுத்துக்கொள்ளுங்கள்.