புதுப்பிப்பு: மாம்பழக் கரும்புள்ளிக்கு வெந்நீரும் கற்றாழையும்

பங்கனப்பள்ளி பழுக்கும்போது தோலில் கரும்புள்ளி பரவி அழுகுகிறது, ரசாயனமில்லாமல் தடுக்க வழியுண்டா என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி.

கைகொடுத்தது, வெந்நீரையும் கற்றாழையையும் சேர்த்துச் செய்யச் சொன்ன யோசனை. பறித்த அன்றே காய்களை 52 டிகிரி வெந்நீரில் 10 நிமிடம் முக்கி (வெப்பமானி கட்டாயம்), ஆறவைத்து, நிழலில் உலர்த்தி, இலவங்கப்பட்டை எண்ணெய் சில துளி கலந்த கற்றாழைக் கூழைப் பூசினோம். புள்ளி வெகுவாகக் குறைந்தது. கரும்புள்ளியை உண்டாக்கும் கொலெட்டோட்ரைக்கம் என்ற பூஞ்சை பிஞ்சிலேயே தோலுக்குள் புகுந்து, பழுக்கும்வரை உறங்கிக் கிடக்கும். மேலே பூசும் சாறு மட்டும் அதை எட்டாது, சூடு எட்டும். வேப்பெண்ணெய் மட்டும் தடவிய கூடையில் பலன் குறைந்ததற்கு இதுவே காரணம் என்று நினைக்கிறேன். அதன் வாடையும் போகவில்லை.

எதிர்பாராதது: இலவங்கப்பட்டை எண்ணெய் கூடிப்போன பழங்களில் தோல் கருகித் திட்டு விழுந்தது. முதலில் நாலைந்து பழத்தில் பூசிப் பாருங்கள். எண்ணெய் கூழோடு தானாகச் சேராது; பூந்திக்கொட்டைக் கரைசல் விட்டு நன்றாக அடிக்க வேண்டும்.

காம்பு அழுகல் மட்டும் முழுதாக நிற்கவில்லை. அது வேறு பூஞ்சை. காம்பைக் கொஞ்சம் விட்டுப் பறித்த காய்களில் அதுவும் குறைவாகவே தெரிந்தது.