பைஸ்டே ஃபார்முலா 602, 20 இன்ச் மீடியம் ரைடு: பழசு வாங்கும்போது எதைப் பார்க்கணும்?

ரைடு_ரசிகன்:
பழைய 602 ரைடு ஒண்ணு (டிரம்ஸ் செட்டில் தாளம் ஓட்ட அடிக்கும் பெரிய சிம்பல், அதாவது வெண்கலத் தட்டு; பைஸ்டே கம்பெனியின் ஃபார்முலா 602 வரிசை) விலைக்கு வருது. சீரியல் 8-ல் தொடங்குது. நடுத்துளை ஒரு பக்கம் தேய்ஞ்சு நீள்வட்டமா இருக்கு. எட்ஜில் 5 மி.மீ.க்கு ஒரு கோடு. கீறலா விரிசலான்னு தெரியலை. விற்பவர் பாலிஷ் போட்டுத் தர்றேங்கிறார். பேசாம 2011-ல் திரும்ப வந்த 602-ஐ வாங்கிடலாமா?

வெண்கலச்செவி:
பாலிஷ் வேண்டவே வேண்டாம்னு முதல்ல அவர்கிட்ட சொல்லிடுங்க. 602 என்பது 80% செம்பு, 20% வெள்ளீயம். புளி, எலுமிச்சை போட்டால் மேல் படலம் போய் இளஞ்சிவப்புத் திட்டு விழும். பஃபிங் சக்கரம் லேத் வரிகளையே (கடைசல்ல சிம்பல் மேல விழுந்த வட்ட வரிகள்) மழுக்கிடும். சோப்புத் தண்ணியில் வரிகளின் போக்கிலேயே துடைச்சு, உடனே ஈரம் போக்கினாப் போதும்.

கோட்டைச் சோதிக்க: துளைக்குள் விரலை விட்டுத் தொங்கவிட்டு, எட்ஜைச் சுற்றி மெதுவா தட்டுங்க. ஒரே இடத்தில் ஒலி சட்டுனு செத்தாலோ கரகரத்தாலோ அது விரிசல். வரிகளைக் குறுக்கே வெட்டிப் போகும் விரிசல் நகத்தில் தட்டும். வரியோடவே ஓடுவதுதான் ஏமாத்தும். கட்டைவிரலால் எட்ஜை லேசா வளைச்சு, பின்னாலிருந்து வெளிச்சம் காட்டுங்க. விரிசல்னா வாய் திறந்து தெரிஞ்சுடும்.

தாள_தச்சன்:
எட்ஜில் 5 மி.மீ. விரிசல்னா காப்பாத்தலாம். கண்ணுக்குத் தெரியும் முனையைத் தாண்டி 1–2 மி.மீ. தள்ளி, 3 மி.மீ. துளை போடணும். அடியில் மரக்கட்டை, குறைந்த வேகம், ஒரு சொட்டு எண்ணெய். அதோட நிறுத்தினால் விரிசலின் இரண்டு உதடும் உரசிக் கரகரக்கும். அதனால் துளையிலிருந்து எட்ஜ் வரை அகலமான பிறை வடிவில் அரத்தால் எடுத்து, விளிம்பை மழமழப்பாக்கணும். கிரைண்டர் வைக்காதீங்க. சூடேறி நிறம் மாறினால் அந்த இடத்தில் பதம் போச்சு. ஒட்டுப் போடுவதும் இதில் நிக்காது.

நடுத்துளையின் மூலையிலிருந்து பெல் (நடுவில் இருக்கும் குமிழ்) மேல விரிசல் ஏறியிருந்தால் எந்த விலைக்கும் வாங்காதீங்க. வெறும் தேய்மானம்னா ஒலி கெடாது. ஸ்டாண்டில் நைலான் ஸ்லீவ் மாட்டி, மேலும் கீழும் ஃபெல்ட் வைங்க. மேல முறுக்கும் விங் நட், சிம்பல் ஆடும் அளவுக்கு லூசா இருக்கணும். முறுக்கிக் கட்டிவெச்சு அடிச்சால்தான் எட்ஜ் உடையுது.

வெண்கலச்செவி:
சீரியல் பற்றி: அந்தக் காலத்தில் முதல் இலக்கம் ஆண்டின் கடைசி இலக்கம். அதனால் 1978-ஆகவும் இருக்கலாம், 1988-ஆகவும் இருக்கலாம். 2011 மறுவெளியீடும் அதே 20% வெண்கலம்தான். எட்ஜ் விரிசல் உறுதியானால் புதுசுக்கே போங்க. பிறை வெட்டின ரைடை மறுபடி விற்கும்போது பாதி விலைகூடத் தேறுவது கஷ்டம். விலைக்காக பைஸ்டேயின் ‘2002’ங்கிற இன்னொரு வரிசையை மாற்றா நினைச்சிடாதீங்க. 1971-ல் வந்த அது 8% வெள்ளீயம். ஒலி இன்னும் உரப்பு, 602-இன் கண்ணாடி மாதிரியான தெளிவு அதில் வராது.