ஃபில்டரைத் தாண்டிய போட்டோ எடிட்டிங்: புதிதாகக் கற்பவருக்கு எதிலிருந்து தொடங்குவது?

தாமரைக்கொடி:
வணக்கம். அக்கா மகளுக்கு 16 வயது. போனில் நன்றாகவே படம் எடுக்கிறாள். எடிட்டிங் என்றால் இதுவரை ஆப்பில் ஃபில்டரைத் தட்டுவது மட்டும்தான். இப்போது 4 ஜிபி ராம் உள்ள மடிக்கணினியில் கிம்ப் 3.0 (இலவச போட்டோ எடிட்டிங் மென்பொருள்) போட்டுக் கொடுத்திருக்கிறோம். முகத்துக்குள் மரம் தெரிவது, பகலை இரவாக்குவது போன்றவற்றைச் செய்ய ஆசைப்படுகிறாள். வீடியோவைப் பார்த்து அதே படத்தில் அப்படியே செய்துவிடுகிறாள். சொந்தப் படத்தில் செய்யச் சொன்னால் எதுவும் ஒட்டுவதில்லை. எந்த வரிசையில் சொல்லிக்கொடுத்தால் தானாக யோசித்துச் செய்ய வரும்? இந்த மடிக்கணினி தாங்குமா?

சாம்பல்128:
வீடியோவில் அவள் கற்றது எண்களை. கான்ட்ராஸ்ட் 30, சாச்சுரேஷன் (நிறத்தின் அடர்த்தி) 15 என்பது அந்தப் படத்துக்கு மட்டும் பொருந்தும் கணக்கு. ஆகவே கருவிகளை ஒவ்வொன்றாக அறிமுகப்படுத்தும் பாடம் வேண்டாம். ஒரே படத்தை எடுத்து மூன்று விதமாக மாற்றச் சொல்லுங்கள்: விடியற்காலை, மழைக்கு முந்தைய புழுக்கம், யாரும் இல்லாத வீடு. கம்ப்யூட்டரைத் திறக்கும் முன் ஒவ்வொன்றுக்கும் இரண்டு வரி எழுத வேண்டும். ஒளி எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது? கண் முதலில் எங்கே போக வேண்டும்? எது இருளில் மறைய வேண்டும்? இதற்குப் பதில் இருந்தால் எந்தக் கருவி தேவை என்பது தானாகத் தெரியும்.

முதல் வாரம் கர்வ்ஸ் (ஒரு கோட்டை வளைத்து வெளிச்சத்தையும் நிறத்தையும் மாற்றும் கருவி) ஒன்று போதும். கோட்டின் நடுவைத் தூக்கினால் படம் வெளுக்கும். இடது கீழ் முனையைச் சற்று மேலே ஏற்றினால் கருமை சாம்பலாகி மூடுபனிச் சாயல் வரும். பிறகு நீலத்தின் கோட்டை மட்டும் எடுத்து, நிழல் பகுதியில் கொஞ்சம் ஏற்றி வெளிச்சப் பகுதியில் கொஞ்சம் இறக்கட்டும். நிழல் நீலமாகவும் வெளிச்சம் மஞ்சளாகவும் மாறும். ஆப் ஃபில்டர்கள் பலவும் இந்த வேலைதான் செய்கின்றன. இதைத் தன் கையால் செய்து பார்த்துவிட்டால் ஃபில்டர் மீதுள்ள மயக்கம் போய்விடும்.

இரண்டாவது வாரம் ஒளியை வரைவது. புதிய லேயர் (படத்தின் மேல் வைக்கும் கண்ணாடித் தாள் போன்ற அடுக்கு), அதில் 808080 என்ற சாம்பல் நிறத்தை நிரப்புங்கள், மோடை (கீழே உள்ள படத்தோடு கலக்கும் முறை) சாஃப்ட் லைட் ஆக்குங்கள். படம் மாறாமல் அப்படியே இருக்கும், ஏனென்றால் அந்த மோடில் நடுச் சாம்பலுக்கு விளைவு கிடையாது. இப்போது ஓரம் மிருதுவான பெரிய பிரஷ், ஒபாசிட்டி (பூச்சின் அடர்த்தி) 5 முதல் 10 சதவீதம். வெள்ளையால் தடவினால் அந்த இடம் ஒளிரும், கருப்பால் தடவினால் இருளும். டி விசை நிறங்களைக் கருப்பு வெள்ளைக்குக் கொண்டுவரும், எக்ஸ் விசை இரண்டையும் மாற்றிப் போடும். புதியவர்கள் பிரஷை 100 சதவீதத்தில் வைத்து ஒரே தடவையில் முடிக்கப் பார்ப்பார்கள். அதில்தான் முகத்தில் திட்டுத் திட்டாக வரும். 7 சதவீதத்தில் பத்து முறை தடவட்டும், அடிக்கடி படத்தைச் சிறிதாக்கி முழுதாகப் பார்க்கட்டும்.

கிம்ப்காரன்:
மடிக்கணினி விஷயம். 12 மெகாபிக்சல் படம் என்றால் 4000×3000. 8 பிட் பிரசிஷனில் (நிறத்தை எவ்வளவு நுணுக்கமாகப் பதிவது என்ற அளவு) ஒரு லேயருக்கு ஏறத்தாழ 48 எம்பி. 32 பிட் ஃப்ளோட் வைத்தால் அதுவே 192 எம்பி. இதோடு அண்டூ வரலாறும் சேரும்போது 4 ஜிபி மூச்சு வாங்கும். பயிற்சிக்கு 2000×1500 ஆகக் குறைத்துக்கொள்ளுங்கள், லேயருக்கு 12 எம்பிதான் ஆகும். பிரசிஷன் 8 பிட்டிலேயே இருக்கட்டும்.

படத்தைக் கணினிக்கு அனுப்பும் வழி மிக முக்கியம். வாட்ஸ்ஆப்பில் சாதாரணமாக அனுப்பினால் அளவும் குறையும், அழுத்தமும் கூடும். பார்க்க ஒன்றும் தெரியாது. கர்வ்ஸை இழுத்ததும் வானத்தில் சதுரம் சதுரமாகக் கட்டங்கள் தெரியும். ஜேபெக் 8×8 பிக்சல் கட்டங்களாகப் பிரித்துத்தான் சுருக்குகிறது, அந்தக் கட்டங்களே அவை. யூஎஸ்பி கேபிள் போடுங்கள், அல்லது டாக்குமென்ட்டாக அனுப்புங்கள்.

சேமிப்பது எக்ஸ்சிஎஃப் (லேயர்களை அப்படியே வைத்திருக்கும் கிம்ப்பின் சொந்தக் கோப்பு) வடிவில். ஜேபெக்கை எக்ஸ்போர்ட் மட்டும் செய்ய வேண்டும். 3.0இல் ஒரு நல்ல வசதி உண்டு: போட்ட ஃபில்டர்களும் கர்வ்ஸும் லேயர் பக்கத்தில் எஃப்எக்ஸ் குறியாக நிற்கும், அதைத் தட்டி மறுபடி மாற்றலாம். நாளைக்கு மனம் மாறினால் முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை. ஆனால் ஒரே லேயரில் ஆறேழு அடுக்கினால் உங்கள் மடிக்கணினி தவழும். முடிவானவற்றை மெர்ஜ் செய்து லேயரோடு கலந்துவிடுங்கள்.

இருட்டறை:
மாஸ்க் (லேயரின் எந்தப் பகுதி தெரிய வேண்டும் என்று தீர்மானிக்கும் மறைப்பு) புரியாமல் எந்தக் கற்பனை வேலையும் நகராது. வெள்ளை இருக்கும் இடத்தில் லேயர் தெரியும், கருப்பு இருக்கும் இடத்தில் மறையும், சாம்பல் அரைகுறையாகக் காட்டும். அவ்வளவுதான். அழிப்பான் கருவியை மெனுவிலேயே மறந்துவிடச் சொல்லுங்கள். அழித்தது போனது போனதுதான், மாஸ்க்கில் மறைத்ததை வெள்ளையால் மீட்கலாம். இது கம்ப்யூட்டரோடு வந்த யோசனையும் இல்லை. 1857இல் ஆஸ்கர் ரெஜ்லாண்டர் சுமார் 30 நெகட்டிவ்களைச் சேர்த்து ஒரே படமாக அச்சிட்டார். தாளின் மற்ற இடங்களை மூடிவைத்து, ஒவ்வொரு உருவமாக அதனதன் இடத்தில் ஒளிபாய்ச்சினார். லேயரும் மாஸ்க்கும் செய்வது அதே வேலை.

அவள் கேட்ட முகத்துக்குள் மரம், இதோ. முகம் பக்கவாட்டில் இருக்க வேண்டும், பின்னால் மேகமூட்டமான வெள்ளை வானம். மரப்படம் தனியாக: வெளிறிய வானத்துக்கு எதிரே கருத்த கிளைகள்.

முகப்படம் கீழே. அதைக் கருப்பு வெள்ளை ஆக்கி, லெவல்ஸில் (கருமை, வெண்மை எல்லைகளை மாற்றும் கருவி) வெள்ளை முக்கோணத்தை இடப்பக்கம் இழுங்கள். பின்னணி எங்கும் 255 (முழு வெள்ளை) வர வேண்டும், நிறத்தின் எண்ணைக் காட்டும் கலர் பிக்கரால் நாலைந்து இடத்தில் தொட்டுப் பாருங்கள். மரப்படத்தை மேலே வைத்து மோடை ஸ்க்ரீன் ஆக்குங்கள். ஸ்க்ரீனில் வெள்ளையோடு எதைச் சேர்த்தாலும் வெள்ளைதான். எனவே பின்னணி சுத்தமாக நிற்கும், கிளை கருத்திருக்கும் இடத்தில் மட்டும் முகம் தெரியும், வானம் இருக்கும் இடத்தில் முகம் கரையும். கடைசியாக மரத்தின் லேயருக்கு மாஸ்க் போட்டு, 30 சதவீதக் கருப்புப் பிரஷால் கண், மூக்கு, உதடு பகுதியைத் தடவினால் முகம் மீளும்.

கெட்டுப்போகும் இடம் எப்போதும் ஒன்றே. பின்னணி 255 ஆகாமல் 220இல் நின்றால் கிளைகள் முகத்துக்கு வெளியேயும் பேய்போல் மங்கலாகத் தெரியும். அப்போது ஒபாசிட்டியைக் குறைத்துப் பயனில்லை, லெவல்ஸுக்குத் திரும்பிப் போக வேண்டும்.

இதைச் செய்து முடித்ததும் மரத்தை எடுத்துவிட்டு வேறொன்றை அவளே தேர்ந்தெடுக்கட்டும். அலை, ஓட்டுக்கூரை, பாட்டியின் கையெழுத்து, எதுவானாலும். கரும்பகுதியும் வெண்பகுதியும் தெளிவாகப் பிரிந்த படம்தான் வேலைக்கு ஆகும் என்பதைத் தானே கண்டுபிடிப்பாள்.

தாமரைக்கொடி:
மிக்க நன்றி. முகம், மரம் இரண்டும் அருமையாக வந்துவிட்டன. இரண்டு சந்தேகம். தென்னை மரத்துக்குப் பின்னால் வேறு வானம் வைத்தால் ஓலை ஓரங்களில் வெள்ளைக் கோடு நிற்கிறது. இரவுப் படமோ நீலக் கண்ணாடித் தாள் ஒட்டியதுபோல இருக்கிறது. படத்தின் பிரகாசத்தைக் குறைத்து மேலே நீல லேயர் போட்டாள்.

இருட்டறை:
ஓலை ஓரத்துப் பிக்சல்களில் பழைய வானத்தின் வெள்ளை ஏற்கெனவே கலந்திருக்கிறது. எவ்வளவு கவனமாக வெட்டினாலும் அது கூடவே வரும். பழைய வானம் வெள்ளையாக இருந்தால் வெட்டவே வேண்டாம். புது வானத்தை மேலே வைத்து மோடை மல்டிப்ளை ஆக்குங்கள். வெள்ளை இடம் புது வானத்தை ஏற்கும், கருத்த ஓலை கருப்பாகவே இருக்கும், ஓரம் இயல்பாகக் கலக்கும். தரைப் பகுதியை மட்டும் மாஸ்க்கில் மறைத்தால் போதும்.

பழைய வானம் நீலமாக இருந்தால் மல்டிப்ளையில் எல்லாம் இருண்டுவிடும். அதற்கு நீலச் சேனல் (படத்தில் உள்ள நீலத்தின் அளவு மட்டும்) வழி. படத்தை நகலெடுத்து, கலர்ஸ் > காம்பொனன்ட்ஸ் > மோனோ மிக்சரில் சிவப்பு 0, பச்சை 0, நீலம் 1. வானம் வெளுத்தும் ஓலை கருத்தும் தெரியும். லெவல்ஸால் அந்த வேறுபாட்டை இன்னும் கூட்டி, நகலெடுத்து, புது வானத்தின் மாஸ்க்கில் ஒட்டி, கண்ட்ரோல்+எச் அழுத்தி ஆங்கர் செய்யுங்கள் (ஒட்டியதை மாஸ்க்கில் பதித்துவிடுங்கள்). பச்சையிலும் மஞ்சளிலும் நீலம் குறைவு என்பதால்தான் இது இவ்வளவு நேர்த்தியாகப் பிரிகிறது.

தரையில் விழும் நிழல் எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்த்துத்தான் வானத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். நிழல் வலப்பக்கம் விழும் படத்தில் அதே வலப்பக்கம் சூரியன் இருந்தால் பார்ப்பவருக்குக் காரணம் தெரியாது, ஆனால் பொய் என்று மட்டும் தெரிந்துவிடும்.

சாம்பல்128:
இரவுக்கு வருகிறேன். நீலம் பூசினால் இரவு வராது. மங்கிய ஒளியில் நம் கண்ணுக்கு நிறம் மங்கும், அதிலும் சிவப்புதான் முதலில் கருக்கும். இதற்குப் புர்கின்யே விளைவு என்று பெயர். ஆக முதல் வேலை நிறத்தைக் குறைப்பது: சாச்சுரேஷன் ஸ்கேல் 0.5 அல்லது 0.6. அடுத்து கர்வ்ஸில் சிவப்பின் நடுப்பகுதியை மட்டும் சற்று இறக்குங்கள். படம் குளிர்ந்துவிடும், சிவப்புச் சேலை கருமைக்குப் போகும். பிறகு எக்ஸ்போஷர் (மொத்த வெளிச்சம்) -1.5 அளவு. தனி நீல லேயர் தேவையே படாது.

வெயில் அடித்த மதியப் படத்தை எடுக்க வேண்டாம். கூர்மையான நிழலும் பளிச்சென்ற வானமும் காட்டிக்கொடுத்துவிடும். மேகமூட்டத்தில் எடுத்த தெரு, வானம் குறைவாக உள்ள ஃபிரேம், முடிந்தால் மழை நனைத்த தரை.

விளக்குதான் இரவை நம்பவைக்கும். மாற்றாத பகல் படத்தின் நகலை இரவு லேயருக்கு மேலே வையுங்கள். அதில் சிவப்பைக் கூட்டி நீலத்தைக் குறைத்து மஞ்சளாக்குங்கள். கருப்பு மாஸ்க் போட்டால் அது முழுதாக மறையும். இப்போது விளக்கொளி விழ வேண்டிய இடங்களில் மட்டும் மாஸ்க்கில் வெள்ளையால் மெல்லத் தடவ வேண்டும்: ஜன்னல், அதன் கீழ்ச்சுவர், வாசல்படி, எதிரே நிற்கும் சைக்கிளின் ஒரு பக்கம். ஜன்னலை மட்டும் மஞ்சளாக்கிவிட்டு நிறுத்தினால் அது ஒட்டிய காகிதமாகத்தான் தெரியும், ஒளி எங்காவது போய் விழ வேண்டும். வீட்டு வாசலில் இரவு எட்டு மணிக்கு விளக்கைப் போட்டு, வெளிச்சம் எதுவரை போகிறது, எங்கே மங்குகிறது என்று அவளைப் பார்க்கச் சொல்லுங்கள். அந்தப் பழக்கம் எந்த வீடியோவிலும் கிடைக்காது.

கிம்ப்காரன்:
இருட்டாக்கிய வானத்தில் பட்டை பட்டையாகக் கோடுகள் வந்தால் பயப்பட வேண்டாம். 8 பிட்டில் ஒரு நிறத்துக்கு 256 படிகள்தான், இருட்டில் அவை போதாமல் போகும். கடைசியாக ஆர்ஜிபி நாய்ஸ் (பொடி நிறப் புள்ளிகள்) மிகக் குறைவாகத் தூவினால் கோடுகள் மறையும், வெவ்வேறு படங்களிலிருந்து வந்த பகுதிகளும் ஒன்றாகச் சேர்ந்துவிடும். எக்ஸ்போர்ட் தரம் 90க்குக் கீழே போகப் போக அந்த நாய்ஸையும் ஜேபெக் தின்றுவிடும், கோடு திரும்ப வரலாம்.

இருட்டறை:
அடுத்த பயிற்சி கேட்டால், வீட்டில் உள்ள பழைய கருப்பு வெள்ளைப் படம் ஒன்றை போனில் நேராகப் பிடித்து, கையால் வண்ணம் தீட்டச் சொல்லுங்கள். ஸ்டுடியோக்களில் முன்பு பிரஷால் செய்ததுதான். புது லேயர், மோடு எல்சிஎச் கலர். அது வெளிச்சம் இருளைத் தொடாமல் நிறத்தை மட்டும் ஏற்றும். படம் ஆர்ஜிபி (வண்ண) மோடில் இருக்க வேண்டும், கிரேஸ்கேலில் (வெறும் கருப்பு வெள்ளையில்) இருந்தால் நிறமே ஏறாது. தோலுக்கு ஒரே நிறம் போட்டால் பொம்மை முகமாகிவிடும். கன்னத்திலும் காது மடலிலும் சிவப்பு கொஞ்சம் கூட, நெற்றியில் மஞ்சள் சாயல், தாடைக்குக் கீழே நிறம் மங்கலாக. சேலை, தோல், பின்னணி மூன்றுக்கும் தனித்தனி லேயர் வைத்தால், சேலையின் நிறம் என்ன என்று பாட்டியிடம் கேட்டுவந்து அதை மட்டும் மாற்றிக்கொள்ளலாம்.