‘மாதையன் தோட்டம்’ குடும்பக் குழு: புது நாய் ராஜபாளையமா, சிப்பிப்பாறையா?

மங்கம்மா: கருப்பன் விடியற்காலையில் போய்விட்டான். கிணற்று மேட்டு வேம்பின் கீழ் புதைத்தாயிற்று. ஆயா இன்னும் காபி குடிக்கவில்லை.

சாந்தி: ஐயோ. பதினான்கு வயது இருக்குமே அண்ணி.

சுகுமார்: என்னைத் தவிர யாரையும் கடித்ததில்லை. நல்ல ஆத்மா.

பிரகாஷ்: அப்பா எப்படி இருக்கிறார்?

மங்கம்மா: மருந்தடிக்கப் போய்விட்டார். மாம்பூவில் தத்துப்பூச்சி.

பிரகாஷ்: தோட்டம் நாய் இல்லாமல் இருக்கக்கூடாது. நேற்றே இரண்டு இடத்தில் சொல்லிவைத்தேன். ஒன்று ராஜபாளையம், ஒன்று சிப்பிப்பாறை. இரண்டும் ஆண் குட்டி, ஐம்பது நாள். எதை எடுக்கலாம்?

சாந்தி: நேற்றேவா? கருப்பன் மூச்சு விட்டுக்கொண்டிருக்கும்போதேவா?

பிரகாஷ்: அத்தை, மருத்துவர் கைவிரித்த பிறகுதான்.

முனிரத்தினம்: அனைவருக்கும் காலை வணக்கம். கருப்பனுக்கு என் அஞ்சலி. பிரகாஷ் கேட்டது முக்கியமான கேள்வி. அவசரப்பட்டு முடிவெடுக்கக் கூடாது. இரண்டும் தென்மாவட்டத்து வேட்டை நாய்கள். ராஜபாளையம் முழு வெள்ளை, மூக்கு இளஞ்சிவப்பு, தோள் உயரம் இரண்டரை அடியைத் தொடும். பன்றி வேட்டைக்குப் பழக்கியவை. தன்னை வளர்ப்பவர் ஒருவரிடமே ஒட்டிக்கொள்ளும், அந்நியரைக் கிட்டே விடாது. சிப்பிப்பாறை அதைவிடச் சற்றுச் சிறியது, ஒல்லி, விலா எலும்பு தெரியும். பட்டினி போட்டிருக்கிறார்கள் என்று நினைக்க வேண்டாம், உடல்வாகே அப்படி. முயலைத் துரத்திப் பிடிக்கும் வேகம். முயல் வேட்டை 1972ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டப்படி குற்றம் என்பதையும் நினைவில் கொள்ளவும். தொடரும்.

சுகுமார்: தொடருமாம்.

கவிதா: பெரியம்மா, ஆயாவுக்குக் கஞ்சியாவது கொடுங்கள். வெறும் வயிற்றில் மாத்திரை வேண்டாம்.

மங்கம்மா: கொடுத்தேன் கவிதா. பாதி குடித்தார். புது நாய் களி தின்னுமா என்று கேட்கச் சொல்கிறார்.

கவிதா: தின்னும். ஆனால் களி மட்டும் போதாது. முட்டை, வேகவைத்த கறி சேர்க்க வேண்டும். வெங்காயம் போட்ட குழம்பை ஊற்றக் கூடாது, நாய்க்கு இரத்தம் கெடும்.

மங்கம்மா: கருப்பன் பதினான்கு வருடம் வெங்காயக் குழம்பில்தான் வளர்ந்தான் என்கிறார்.

கவிதா: நாமக்கல்லில் என் பேராசிரியரிடம் ஆயாவை ஒருநாள் அழைத்துப்போகிறேன். மாங்கொட்டையும் போடாதீர்கள். விழுங்கினால் குடலில் அடைத்துக்கொள்ளும், வயிற்றைக் கிழித்துத்தான் எடுக்க வேண்டும்.

சாந்தி: மாங்கொட்டை என்றதும் நினைவு வருகிறது. போன வருடம் ஓசூருக்கு வந்த பெட்டி முழுக்கப் பெங்களூரா. மல்கோவா யார் வீட்டுக்குப் போனது?

மங்கம்மா: மல்கோவா மரம் போன வருடம் காய்க்கவே இல்லை சாந்தி.

சாந்தி: தருமபுரியில் நான் சாப்பிட்டேனே அண்ணி.

முனிரத்தினம்: அது சந்தையில் வாங்கியது. நாய் விஷயத்துக்கு வருவோம். இரண்டாம் பகுதி. இந்த இனங்களைக் காப்பதற்காக 1980இல் சென்னை சைதாப்பேட்டையில் அரசு நாய் இனப்பெருக்கப் பிரிவைத் தொடங்கியது. 2005இல் அஞ்சல்துறை வெளியிட்ட நாய் தபால்தலைகளில் ராஜபாளையமும் ஒன்று. 2020 ஆகஸ்டில் பிரதமர் வானொலி உரையில் இரண்டு பெயரையும் குறிப்பிட்டார். ஆகவே

சுகுமார்: தபால்தலை குரைக்குமா மச்சான்?

முனிரத்தினம்: ஆகவே பெருமைக்கும் காவலுக்கும் ராஜபாளையமே பொருத்தம் என்பது என் தாழ்மையான கருத்து.

பிரகாஷ்: எனக்கும் அதுதான் தோன்றுகிறது. ஆனால் காது கேட்காது என்கிறார்களே?

கவிதா: எல்லாக் குட்டிக்கும் இல்லை. அந்த வெள்ளை நிறத்தோடு செவிட்டுத்தன்மையும் சேர்ந்து வரலாம். சோதித்துத்தான் வாங்க வேண்டும். குட்டியைத் தாயிடமிருந்து தள்ளித் தனியாக விடுங்கள். அது வேறு எதையாவது முகர்ந்துகொண்டிருக்கும்போது பின்னால் நின்று சாவிக்கொத்தை ஒருமுறை ஆட்டுங்கள். காது மடல் திரும்ப வேண்டும். தட்டைத் தரையில் போட்டுச் சத்தம் எழுப்பினால் பயனில்லை, அதிர்வைக் காலாலேயே உணர்ந்துவிடும். கைதட்டும்போது காற்று படக் கூடாது. இப்படிப் பார்த்தாலும் ஒரு காது மட்டும் போயிருந்தால் தெரியாது.

சுகுமார்: இந்தச் சாவிச் சோதனையை இரண்டு மச்சான்களுக்கும் செய்யலாம். மோட்டார் செலவு என்றால் ஒருவருக்கும் கேட்பதில்லை.

சாந்தி: இந்தச் செய்தி நீக்கப்பட்டது.

முனிரத்தினம்: சாந்தி, என்ன எழுதி நீக்கினாய்?

சாந்தி: ஒன்றுமில்லை சின்னண்ணா. கை தவறிவிட்டது.

பிரகாஷ்: லாப்ரடார் வேண்டுமென்று தர்ஷன் அழுகிறான். அதையும் சேர்த்துப் பார்க்கலாமா?

கவிதா: வேண்டாம் அண்ணா. அடர்ந்த மயிர், மே வெயிலில் நாக்கைத் தொங்கப்போட்டுக்கொண்டு கிடக்கும். ஆயா வைக்கும் சோற்றுக்கு ஆறே மாதத்தில் உருண்டுவிடும். நாட்டு இனம் இரண்டுக்கும் குட்டை மயிர், வெயில் தாங்கும். இன்னொன்று, இந்த சீசனுக்கு எந்தக் குட்டியும் உதவாது. காய் பறிக்கும்போது அதற்கு ஐந்து மாதம்கூட ஆகியிருக்காது. திருடன் வந்தால் அவன் செருப்பைக் கடித்து விளையாடும்.

பிரகாஷ்: அடுத்த வருடத்துக்காகவாவது?

கவிதா: அடுத்த வருடத்துக்குச் சரி. ஆனால் ராஜபாளையம் என்றால் பறிக்க வரும் ஆட்களை, டெம்போ ஓட்டுநரை எல்லாம் குட்டியிலிருந்தே பழக்க வேண்டும். இல்லாவிட்டால் ஜூனில் ஒருவரும் தோட்டத்துக்குள் கால் வைக்க மாட்டார்கள். சிப்பிப்பாறை அவ்வளவு முரடு இல்லை, ஆனால் எது ஓடினாலும் அதன் பின்னால் ஓடும். ரோடு பக்கம் போனால் லாரிதான்.

முனிரத்தினம்: அதைத்தான் நானும் சொல்கிறேன். சிப்பிப்பாறை கோழியைப் பார்த்தால் சும்மா இருக்காது.

சாந்தி: இப்போது புரிகிறது. சின்னண்ணா பங்கில் குத்தகைக்காரர் கோழி வளர்க்கிறார், அதனால்தான் தபால்தலை வரைக்கும் போனார்.

கவிதா: அப்பா, ராஜபாளையமும் வேட்டை நாய்தான். உங்கள் கோழிக்கு இரண்டும் எமன்.

சுகுமார்: பெற்ற மகளே.

முனிரத்தினம்: கட்டிப்போட்டு வளர்க்கலாமே.

கவிதா: நாள் முழுக்கச் சங்கிலியில் இருந்தால் இரண்டுமே வெறிபிடித்தது போல் ஆகிவிடும். ஓட இடம் வேண்டும்.

கோவிந்தன்: வேலி.

பிரகாஷ்: அப்பா?

கோவிந்தன்: மருந்தடித்துவிட்டு இப்போதுதான் பார்த்தேன். எந்த நாய் வந்தாலும் வேலி வேண்டும். ஓடைப் பக்கம் சாய்ந்து கிடக்கிறது. பன்றி அந்த வழியாகத்தான் வருகிறது. ஒற்றை நாய் பன்றியிடம் மாட்டினால் குடல் சரிந்துவிடும், எந்த ஊர் நாயாக இருந்தாலும்.

முனிரத்தினம்: ஓடைப் பக்கம் பொதுவில் வருகிறது அண்ணா.

கோவிந்தன்: பாகப்பிரிவினைப் பத்திரத்தில் உன் பக்கம் என்று இருக்கிறது.

முனிரத்தினம்: வரைபடத்தில் அப்படி இல்லை. இதைக் குழுவில் பேச வேண்டாம், நேரில் பேசுவோம்.

சாந்தி: நேரில் பேசிப் பேசித்தான் வேலி சாய்ந்தது.

மங்கம்மா: ஆயா கேட்கிறார், பொட்டைக் குட்டி கிடைக்காதா? வீட்டைச் சுற்றியே கிடக்குமாம்.

கவிதா: கருத்தடை செய்தால் கிடக்கும். யோசிக்கலாம் ஆயா.

பிரகாஷ்: அது மூன்றாவது கேள்வி. ராஜபாளையக்காரர் முன்பணம் இரண்டாயிரம் கேட்கிறார், வெள்ளிக்கிழமைக்குள் சொல்ல வேண்டும். சனிக்கிழமை சாவியோடு போய்ப் பார்க்கிறேன். கவிதா, நீயும் வா.

கவிதா: சனிக்கிழமை தேர்வு. வீடியோவில் காட்டுங்கள். தடுப்பூசி அட்டையையும் கேளுங்கள். வெறிநாய்க்கடி ஊசி மூன்று மாதத்தில், பிறகு வருடாவருடம்.

முனிரத்தினம்: தடுப்பூசி பற்றி மூன்றாம் பகுதியில் விரிவாக எழுதுகிறேன்.

கோவிந்தன்: வேலிக்கு நடும் கல்கால் ஒன்று என்ன விலை என்று பர்கூரில் யாராவது விசாரியுங்கள்.

சுகுமார்: எனக்குத் தெரிந்தவர் இருக்கிறார். எத்தனை வேண்டும் மச்சான்?

முனிரத்தினம்: எந்தப் பக்கத்துக்கு என்பது முடிவான பிறகு எண்ணலாம்.