குழியில் விழுந்தால் மின்னல் போய்விடும்

சிலாங்கூரில் பெஸ்தாரி ஜெயாவில் இருக்கிறோம். அப்பாவுக்கு இன்னும் அது, பழைய பெயரில், பத்தாங் பெர்ஜுந்தைதான். வண்டி ஜப்பானிலிருந்து வந்த ரீகண்ட், அதாவது அங்கே ஓடிய பழைய டொயோட்டா. அதன் ரேடியோ எஃப்எம் 90க்கு மேல் ஏறாது. நம் தமிழ் வானொலி மின்னல் 96.3. அலைவரிசையை 12 குறைக்கும் கன்வெர்ட்டர் போட்டு, 84.3இல் கேட்கிறோம். ரேடியோவோடு சேர்ந்த நேவியில், அதாவது வழிகாட்டும் திரையில், ஜப்பான் வரைபடம் மட்டும்தான், அதை யாரும் தொடுவதில்லை.

மூன்று மாதம் முன்பு, செம்பனைக்குள் போகும் செம்மண் ரோட்டில் வண்டி குழியில் விழுந்தாலே ஸ்டேஷன் தானாக மாற ஆரம்பித்தது. பாதிச் செய்தியில் அறுந்துவிடும். அப்பாவுக்குக் கோபம் என் மேல். கன்வெர்ட்டரை மாற்றினேன், 60 வெள்ளி தண்டம். ஒரு கடையில் பார்த்த உடனே, "செட்டே போச்சு, 900 வெள்ளி" என்றார்கள்.

அப்புறம் ஒயரிங் செய்யும் தம்பி ஒருவர் வந்தார். ஸ்க்ரூடிரைவரைக்கூட எடுக்கவில்லை. இன்ஃபோ பட்டனை அழுத்திப் பிடித்தபடி பார்க்கிங் லைட்டை மூன்று தரம் போட்டு அணைத்தார். திரையில் நான் பார்த்தே இராத ஒரு சர்வீஸ் மெனு! பழைய டொயோட்டா நேவி பலவற்றில் உண்டாம். அதற்குள் பட்டன்களைச் சோதிக்கும் பக்கம் இருக்கிறது. எதை அழுத்துகிறோமோ அது திரையில் தெரியும். ஒவ்வொன்றாக அழுத்தினோம், எல்லாம் சரி.

"இப்ப கையை எடுங்கண்ணே" என்றார். டேஷ்போர்டை லேசாகத் தட்டினார். யாரும் தொடாத சீக் பட்டன், அதாவது அடுத்த ஸ்டேஷனைத் தேடும் பட்டன், அழுந்தியதாகக் காட்டியது.

முகப்பைப் பிரித்தால், சின்னவள் எப்போதோ கொட்டிய சிராப் பட்டனுக்கு அடியில் பாகாகக் காய்ந்து கிடந்தது. கான்டாக்ட் கிளீனர் அடித்துத் துடைத்தார், கூலியோடு 30 வெள்ளி. பேட்டரி கம்பியை மட்டும் கழற்ற விடவில்லை. கரண்ட் போனால் சில ஜப்பான் செட்டுகள் பூட்டிக்கொண்டு கோட் கேட்குமாம், அது தனிச் செலவு.

*

இதைப் படித்த ஒருவரின் பதில்: அண்ணே, எங்கள் வண்டியில் இதே பட்டன் சோதனை வேறு இடத்தைக் காட்டியது. முகப்புப் பட்டன் எல்லாம் திரையில் வந்தது, ஸ்டீயரிங்கில் இருப்பது ஒன்றுகூட வரவில்லை. ஹாரனும் சில நேரம் ஊமை. பட்டறை ஃபோர்மன் அந்த ஸ்டீயரிங் பட்டன் ஒயரில் மீட்டர் வைத்துப் பார்த்தார். ஒவ்வொரு பட்டனுக்கும் ஒவ்வொரு ஓம் அளவு (மின்தடை) வர வேண்டுமாம், எதற்கும் வரவில்லை. ஸ்டீயரிங்குக்குள் சுருண்டிருக்கும் கிளாக் ஸ்பிரிங் என்ற ஒயர்ப் பட்டை அறுந்திருந்தது. ஏர்பேக் ஒயரும் அது வழியாகத்தான் போகிறது, அதனால் அதை வீட்டில் பிரிக்காதீர்கள்.

சரி, சிராப் விஷயம் அப்பாவுக்குத் தெரியுமா?