இரவானால் மட்டும் அணையும் கேமரா: அம்மா தனியாக இருக்கும் வீடு, உதவி வேண்டும்

விளைவீட்டுப் பையன் (அருமனை, இப்போது தம்மாம்)

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் வீடு குமரி மாவட்டம் அருமனைக்குப் பக்கத்தில், ஒரு ஏக்கர் ரப்பர் விளைக்கு நடுவில். அப்பா தவறிய பிறகு அம்மா மட்டும்தான் அங்கே. நான் சவுதியில் தம்மாமில், தங்கை பெங்களூரில். பக்கத்து வீடு என்றால் கூப்பிட்டால் கேட்கும் தூரம்தான், ஆனால் மழை பெய்தால் கேட்காது.

மூன்று வருடத்துக்கு முன்பு லீவில் வந்தபோது நான்கு கேமரா வைத்தோம். எல்லாம் 2 மெகாபிக்சல், படம் பதியும் பெட்டியான டிவிஆர் ஹாலில் இருக்கிறது. ஒன்று முன்வாசலில், ஒன்று அடுக்களைப் பக்கம், ஒன்று கேட்டில். நான்காவது, ரப்பர் ஷீட் காயப்போடும் புகைப்புரையில். அது வீட்டிலிருந்து 65 மீட்டர்.

புகைப்புரைக் கேமரா பகல் முழுக்கத் தெளிவாக ஓடுகிறது. சாயங்காலம் இருட்டத் தொடங்கியதும் படம் போகும், ஒரு நிமிடத்தில் வரும், மறுபடி போகும். விடிந்தால் சரியாகிவிடும். வைத்துக் கொடுத்தவர் கேமராவை இரண்டு தடவை மாற்றினார். பலன் இல்லை.

கேட் கேமரா ஏப்ரலில் ஒரு மதியம் இடிமழையோடு போய்விட்டது. டிவிஆரில் அந்த போர்ட்டும் சேர்ந்து போனது. வேறொரு போர்ட்டில் ஒரு பழைய கேமராவைப் போட்டு ஓட்டிக்கொண்டிருக்கிறோம்.

போன மாதம் புகைப்புரைக்கு வெளியே வைத்திருந்த ஒட்டுப்பால் (உறைந்து ஒட்டிய ரப்பர் பால்) மூட்டை ஒன்று காணாமல் போனது. கேட் பதிவில் ஒருவர் டார்ச்சோடு வருவது தெரிகிறது, முகம் தெரியவில்லை. மூட்டை போனதில் பெரிய நஷ்டம் இல்லை. அதற்குப் பிறகு அம்மா இரவில் சரியாகத் தூங்குவதில்லை, அதுதான் என்னை உறுத்துகிறது.

ஒரு கடையில் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு 8 மெகாபிக்சலில் ஆறு ஐபி கேமரா (நெட்வொர்க் கேபிளில் ஓடுவது) போடச் சொல்கிறார்கள். இன்னொருவர் வைஃபை கேமரா போதும் என்கிறார். எதைச் செய்வது? அடுத்த மாதம் இருபது நாள் லீவு இருக்கிறது.

தக்கலை ஒயர்மேன்

தம்பி, எதையும் கழற்ற வேண்டாம். முதலில் ஒரு மல்டிமீட்டர் எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

பகலில் ஓடி இரவில் மட்டும் அணைகிறது என்றால் பத்தில் ஒன்பது தடவை கோளாறு கரண்டில்தான் இருக்கும். இருட்டானதும் கேமராவுக்குள் இருக்கும் அகச்சிவப்பு விளக்குகள் எரியத் தொடங்கும். பகலில் எடுக்கும் கரண்டைப் போல இரண்டு மூன்று மடங்கு அப்போது இழுக்கும். 65 மீட்டர் மெல்லிய வயரில் அவ்வளவு போகும்போது வழியிலேயே வோல்டேஜ் இறங்கிவிடும். கேமரா அணைந்ததும் இழுவை நின்று வோல்டேஜ் ஏறும், கேமரா எழுந்திருக்கும், விளக்கு எரிந்ததும் மறுபடி விழும். நீங்கள் சொல்லும் ஒரு நிமிடக் கணக்கு அதுதான்.

கணக்கையும் சொல்கிறேன். அரை சதுர மில்லிமீட்டர் தரமான செம்புக் கம்பியிலேயே, போக வர 130 மீட்டருக்குச் சுமார் நாலரை ஓம் வரும். அரை ஆம்பியர் போனால் 2.2 வோல்ட் காலி. படத்துக்கும் கரண்டுக்கும் சேர்த்துக் கடையில் கிடைக்கும் 3+1 கேபிள் பலவற்றில் கரண்டுக் கம்பி இதைவிட மெல்லியது, சிலவற்றில் அலுமினியத்தின் மேல் செம்பு பூசியிருப்பார்கள். அதில் இழப்பு இன்னும் அதிகம்.

கேமரா முனையில் பகலில் ஒரு தடவை, ராத்திரி விளக்கு எரியும்போது ஒரு தடவை வோல்டேஜ் பாருங்கள். இரண்டு எண்ணையும் இங்கே போடுங்கள், அப்புறம் பேசலாம்.

விளைவீட்டுப் பையன்

நன்றி அண்ணே. சித்தப்பா மகன் போய்ப் பார்த்தான். ஹாலில் பவர் பாக்ஸில் 12.2. கேமரா முனையில் பகலில் 11.2, இரவில் 8.8 வரை இறங்குகிறது, பிறகு கேமரா அணைகிறது. இரண்டு கேமராவை வீணாக மாற்றியிருக்கிறோம்.

தக்கலை ஒயர்மேன்

அப்படியென்றால் வேறு சந்தேகமே வேண்டாம். புகைப்புரையில் பல்பு லைன் இருக்கிறதல்லவா? அங்கேயே ஒரு 12 வோல்ட், 2 ஆம்பியர் அடாப்டரை மழை படாத பெட்டிக்குள் வைத்து, அந்தக் கேமராவுக்கு மட்டும் அதிலிருந்து கரண்டு கொடுங்கள். வீட்டிலிருந்து வரும் கேபிளில் படம் மட்டும் வரட்டும், பழைய கரண்டுக் கம்பியைக் கழற்றிவிடுங்கள். எர்த் பின் இல்லாத இரண்டு பின் அடாப்டராக இருந்தால் நல்லது. இரண்டு இடத்து எர்த்தும் கேபிள் வழியாகச் சேர்ந்தால் படத்தில் கோடு ஓடும்.

பவர் பாக்ஸில் ஒரு சின்னத் திருகு இருக்கும், அதைத் திருப்பி வோல்டேஜை ஏற்றச் சொல்லிச் சிலர் வருவார்கள். செய்யாதீர்கள். அங்கே போதுமான அளவு ஏற்றினால் முன்வாசல் கேமரா சூடாகும்.

ஐபிக்கு மாறினால் இந்தத் தொல்லை வராததற்கும் இதே கணக்குதான் காரணம். ஒரே நெட்வொர்க் கேபிளில் 48 வோல்ட்டில் கரண்டு போகும். 6 வாட் கேமரா 12 வோல்ட்டில் அரை ஆம்பியர் எடுக்கும், 48 வோல்ட்டில் அதில் நாலில் ஒரு பங்குதான். 100 மீட்டர் வரை கவலை இல்லை. ஆனால் இடியிலிருந்து அது உங்களைக் காப்பாற்றாது.

முட்டம் கரை

இடியைப் பற்றி நானும் ஒன்று சொல்கிறேன். நேரடியாக விழும் இடியை எதுவும் தடுக்காது. நமக்கு வரும் சேதத்தில் பெரும்பகுதி பக்கத்தில் எங்கேயோ விழுந்து, வெளியே நீளமாக ஓடும் செம்புக் கம்பியில் ஏறி வருவது. நம் மாவட்டத்தில் ஏப்ரல், மே சாயங்காலங்களிலும் ஐப்பசி மழையிலும் இது வழக்கம். எங்கள் வீட்டில் இரண்டு தடவை போனது. பிறகு கேட்டுக்கு ஃபைபர் இழுத்தோம். கண்ணாடி இழையில் கரண்டு ஏறாது. இரண்டு முனையிலும் ஒரு சின்ன கன்வெர்ட்டர் வேண்டும், அவ்வளவுதான்.

இதில் பலர் தவறவிடுவது, வீட்டு இன்டர்நெட்டுக்கு வெளியே இழுக்கும் ஃபைபர் கேபிளில் தாங்குவதற்காக ஓர் இரும்புக் கம்பி சேர்ந்திருக்கும். அதையே இழுத்து அந்தக் கம்பியை இரண்டு முனையிலும் பெட்டிக்குள் விட்டால் செய்த வேலை வீண். உலோகம் இல்லாத கேபிள் கேட்டு வாங்குங்கள். கேட்டில் இருக்கும் 230 வோல்ட் லைனுக்கும் வீட்டு மெயினுக்கும், திடீரென்று பாயும் கரண்டைத் தடுக்கும் சர்ஜ் புரொடக்டர் போடுங்கள். வீட்டு எர்த் குழியை ஒருவர் அளந்து பார்க்கட்டும். எர்த் சரியில்லாமல் புரொடக்டர் வைத்தால் அது பேருக்கு இருக்கும்.

எங்களுக்குக் கடல் காற்று. வழக்கமான திருகு ஒரே வருடத்தில் துரு, கேமரா கேபிளைச் செருகும் பிஎன்சி முனையெல்லாம் பச்சை பூக்கும். 316 ஸ்டீல் திருகு போட்ட பிறகுதான் நின்றது. அருமனையில் உப்பு இல்லை, ஆனால் மழை எங்களைவிட உங்களுக்கு அதிகம். இணைப்பு எதுவும் வெளியே தொங்கக் கூடாது, பெட்டிக்குள் போகட்டும். கேபிள் பெட்டிக்குள் நுழையும் முன் கீழே ஒரு வளைவு விட்டு ஏற்றுங்கள், தண்ணீர் அங்கேயே சொட்டிவிடும்.

மார்த்தாண்டம் கேமரா வேலை

இந்த வேலைதான் செய்கிறேன். 8 மெகாபிக்சல் ஆறு உங்களுக்குத் தேவையில்லை. முகம் தெரியாததற்குக் காரணம் மெகாபிக்சல் இல்லை, லென்ஸும் உயரமும்தான். கேட்டில் 2.8 மில்லிமீட்டர் லென்ஸ் போட்டு, போஸ்ட்டில் 15 அடி உயரத்தில் வைத்திருப்பார்கள் என்று நினைக்கிறேன்.

தெரியாத ஆளை அடையாளம் சொல்ல, ஒரு மீட்டர் அகலத்துக்கு 250 பிக்சல் வேண்டும் என்று எங்கள் தொழிலில் கணக்கு. 2 மெகாபிக்சலில் 2.8 லென்ஸ் என்றால் ஏறக்குறைய 12 அடிக்குள் வந்தால்தான் அந்தத் தெளிவு. அதைத் தாண்டினால் ஆள் வருகிறார், போகிறார் என்பது மட்டும் தெரியும். அதே கேமராவில் 6 மில்லிமீட்டர் லென்ஸ் போட்டால் 26 அடி வரை போகும், பக்கவாட்டில் அகலம் குறையும். கேட்டில் நமக்கு அகலம் எதற்கு? ஆள் நுழையும் அந்த எட்டடி தெரிந்தால் போதும். 4 மெகாபிக்சல், 6 மில்லிமீட்டர், எட்டு ஒன்பது அடி உயரம். முகத்துக்கு நேராகப் பாருங்கள், உச்சந்தலையைப் பார்க்க வேண்டாம்.

கேமராவுக்கு நேர் எதிரே பல்பு வைக்காதீர்கள். கேமராவுக்கு ஒட்டியும் வேண்டாம், பூச்சி மொய்க்கும், பூச்சிக்குப் பின்னால் சிலந்தி வரும். அகச்சிவப்பு வெளிச்சத்தில் ஒரு வலை போதும், படம் முழுக்க வெள்ளையாகிவிடும். விளையில் நிற்கும் வீடுகளில் ராத்திரி படம் மங்கல் என்று எனக்கு வரும் அழைப்புகளில் பாதிக்கு ஒரு துடைப்பக் குச்சிதான் மருந்து. பல்பை ஏழெட்டு அடி தள்ளிப் போடுங்கள்.

வைஃபை கேமரா வீட்டுக்குள் நல்லது. ரப்பர் மரங்களைத் தாண்டி, ஈர இலையைத் தாண்டி 65 மீட்டருக்கு சிக்னல் நிற்காது. நின்றாலும் கரண்டுக்கு வயர் போட்டே ஆக வேண்டும்.

புதிதாக வாங்குவதைப் பில்லோடு வாங்குங்கள். 2025 ஏப்ரல் முதல் மத்திய அரசின் பாதுகாப்புச் சோதனையில் தேறிய கேமராக்களைத்தான் விற்க வேண்டும். பெயர் இல்லாத பழைய சரக்கை விலை குறைத்துத் தள்ளுகிறவர்கள் இருக்கிறார்கள். உங்கள் டிவிஆரில் ஓரிரு ஐபி கேமரா சேர்க்க வசதி இருக்கிறதா என்று மெனுவில் பாருங்கள், பலவற்றில் உண்டு. இருந்தால் கேட்டுக்கு மட்டும் புதிது வாங்கினால் போதும்.

பாஸ்வேர்டு விஷயம் முக்கியம். பெட்டியோடு வந்த பாஸ்வேர்டை மாற்றாமல் விட்ட கேமராக்களும் டிவிஆர்களும்தான் 2016-இல் மிராய் என்ற வைரஸுக்கு இரையாகி, பெரிய பெரிய இணையதளங்களையே முடக்கப் பயன்பட்டன. உங்கள் டிவிஆர் யாருடைய ஆப் கணக்கில் பதிவாகியிருக்கிறது என்று பாருங்கள். வைத்துக் கொடுத்தவரின் கணக்கில் இருந்தால் உங்கள் பெயருக்கு மாற்றச் சொல்லுங்கள். நான் எந்த வீட்டிலும் என் போனில் வைத்துக்கொள்வதில்லை. அம்மா தனியாக இருக்கும் வீட்டின் படம் மூன்றாம் ஆளிடம் இருக்கக் கூடாது.

கோட்டாறு அக்கா

தம்பி, வயர் விஷயம் அண்ணன்மார் சொல்லிவிட்டார்கள். நான் அம்மாவைப் பற்றிச் சொல்கிறேன்.

என் அம்மாவுக்கும் இப்படித்தான் வைத்தேன். ஒருநாள் பின்பக்கக் கேமரா கறுப்பாகிவிட்டது. பதறிப்போய்ப் போன் செய்தால், துண்டைப் போட்டு மூடியதே அவர்தான். "நான் கிணற்றங்கரையில் தலை துவட்டுவதையும் நீ அங்கிருந்து பார்க்கணுமா மக்கா?" என்று கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை. அவரைக் காக்கத்தான் வைத்தேன், ஆனால் அவரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

உங்கள் அடுக்களைப் பக்கக் கேமரா எதைப் பார்க்கிறது? துணி துவைக்கும் இடம், குளிக்கும் இடம் இருந்தால் திருப்புங்கள், அல்லது அந்தப் பகுதியை மட்டும் மறைக்க மெனுவில் வழி இருக்கிறது. பக்கத்து வீட்டு முற்றம் விழுந்தாலும் அப்படியே செய்யுங்கள். கேமரா எங்கே இருக்கிறது என்று பால் வெட்ட வருகிறவரிடமும் சொல்லிவிடுங்கள். அவரைச் சந்தேகப்படுவதாக அவர் நினைத்துவிடக் கூடாது.

இன்னொன்று, படம் உங்கள் போனுக்கு வந்து என்ன பயன்? தம்மாமிலிருந்து ஓடி வர முடியாது. அம்மா படுக்கும் அறையில் ஒரு பழைய டிவியை வைத்து டிவிஆரோடு சேர்த்துவிடுங்கள். நாய் குரைத்தால் கதவைத் திறக்காமல் படுத்தபடியே பார்ப்பார். என் அம்மாவுக்குத் தூக்கம் வந்தது அதற்குப் பிறகுதான்.

விளைவீட்டுப் பையன்

லீவு முடிந்து நேற்றுத்தான் திரும்பினேன். எல்லோருக்கும் சொல்ல வேண்டும்.

புகைப்புரையில் அடாப்டர் வைத்தோம். பதினாறு இரவு ஆகிவிட்டது, ஒரு தடவைகூட அணையவில்லை. டிவிஆரில் இரண்டு ஐபி கேமராவுக்கு இடம் இருந்தது. கேட்டுக்கு 4 மெகாபிக்சல், 6 மில்லிமீட்டர் ஒன்று வாங்கி, ஒன்பது அடியில் வைத்து, இரும்பில்லாத ஃபைபர் இழுத்தோம். பழைய கேமரா 14 அடியில் இருந்தது, அண்ணன் சொன்னது சரி. எர்த் குழி காய்ந்து கிடந்தது, புதிதாகத் தோண்டினோம். டிவிஆருக்கும் மோடத்துக்கும் ஒரு யுபிஎஸ் வைத்தேன். ஒக்கிப் புயல் சமயத்தில் பல நாள் கரண்டு இல்லாமல் இருந்ததை யாரும் மறக்கவில்லை. அந்த மாதிரி நாட்களுக்கு இது போதாது, சாதாரண ராத்திரி கரண்டு போவதைத் தாங்கும்.

டிவிஆர் கணக்கு வேறொருவர் பெயரில்தான் இருந்தது. மாற்றிவிட்டேன்.

அக்கா, அம்மாவிடம் கேட்டேன். அடுக்களைப் பக்கக் கேமராவை எடுத்துவிடச் சொன்னார். ரொம்ப நாளாகவே கூச்சமாக இருந்ததாம், நான் செலவழித்து வைத்தது என்பதால் சொல்லவில்லை. அதைக் கழற்றி விளைக்குப் போகும் பின்வழியைப் பார்க்கிற மாதிரி வைத்தோம். அறையில் டிவி வைத்தாயிற்று. இப்போது ராத்திரி எழுந்தால் முதலில் அதைத்தான் பார்க்கிறார். நேற்று ஒரு மரநாய் புகைப்புரை மேலே ஏறியதைப் போனில் எனக்கு விவரமாகச் சொன்னார்.

ஒரே ஒரு கேள்வி மிச்சம். பதிவு எத்தனை நாள் நிற்கும்? 1 டிபி டிஸ்க்.

மார்த்தாண்டம் கேமரா வேலை

கேமராவுக்குப் பதிவு வேகம் 2 எம்பிபிஎஸ் வைத்திருந்தால் ஒரு நாளைக்கு ஒன்றுக்கு 21.6 ஜிபி, நான்குக்கு 86 ஜிபி. பதினோரு நாள் வரும். கேட்டுக்கு மட்டும் 4 வைத்து, மற்ற மூன்றையும் ஆள் அசைந்தால் மட்டும் பதியும்படி மாற்றுங்கள், இன்னும் கூடுதலாக நிற்கும். காற்றில் ஆடும் ஓலையும் கிளையும் பதிவை நிரப்பும், அந்த இடத்தை மெனுவில் அசைவு பார்க்கும் கட்டத்திலிருந்து நீக்கிவிடுங்கள். டிவிஆரில் தேதியும் நேரமும் சரியாக இருக்கிறதா என்று மாதம் ஒரு தடவை பாருங்கள். நேரம் தப்பாக இருந்தால் போலீஸில் கொடுக்கும்போது அதற்குத் தனியாக விளக்கம் சொல்ல வேண்டியிருக்கும்.

தக்கலை ஒயர்மேன்

புகைப்புரை கேபிள் இன்னும் செம்புதான் தம்பி, மறந்துவிடாதீர்கள். ஐப்பசி இடி தொடங்கும் முன் அதையும் ஃபைபருக்கு மாற்றுங்கள், டிவிஆரில் இன்னொரு ஐபி இடம் இருக்கிறதே. அதுவரை வானம் இருட்டிக்கொண்டு வந்தால் டிவிஆர் பக்கம் அந்த ஒரு பிஎன்சியைக் கழற்றி வைக்க அம்மாவுக்குச் சொல்லிக் கொடுங்கள். இடி தொடங்கிய பிறகு தொட வேண்டாம். அந்த முனையில் சிவப்பு டேப் ஒன்று சுற்றிவிட்டால் கண்ணாடி போடாமலே தெரியும்.